அம்மாவுக்கு வசனம் கேட்க வேண்டும்

வெளியூரில் நம்மோடு வந்து இருக்கும் பெற்றோருக்குப் பகல் முழுக்கக் காதில் விழும் தமிழ், டிவி பேசும் தமிழ்தான். இங்கே நாக்பூரில் என் அம்மாவுக்கும் அப்படியே. வயது 78, காது கொஞ்சம் மந்தம். வால்யூமை ஏற்றினால் பின்னணி இசைதான் ஏறும், வசனம் புரியாது. "பரவால்லடா, படம் மட்டும் பாத்துக்கறேன்" என்றார். மனசு கேட்கவில்லை.

தட்டை டிவியில் ஸ்பீக்கர் சின்னது. பெரும்பாலும் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடி இருக்கும். அதனால் கேபிள் பாக்ஸை, சும்மா கிடந்த ஹோம் தியேட்டர் ரிசீவரோடு இணைத்தேன்.

பாக்ஸில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அங்கிருந்து ரிசீவருக்கு ஒரே வயர். இல்லையென்றால் பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ, ரிசீவரிலிருந்து டிவிக்கு இன்னொன்று. பழைய பாக்ஸ் என்றால் சிவப்பு வெள்ளை வயரே போதும். 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில் மட்டும் சொருகாதீர்கள், அது இசைத்தட்டு பிளேயருக்கானது. டிவி சத்தத்தை சைபர் ஆக்கிவிடுங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான். சேனல் ஸ்டீரியோவில் வந்தாலும், ரிசீவரில் டால்பி ப்ரோ லாஜிக் போட்டால் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். அதை மட்டும் 4 டெசிபல் ஏற்றினேன். உதடசைவுக்கு முன்னாலேயே பேச்சு வந்தது. ஆடியோ டிலே கொஞ்சம் கூட்டியதும் சரியானது.

இப்போது மொத்த சத்தம் முன்பைவிடக் குறைவு. சீரியலில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா விலாவாரியாகச் சொல்கிறார். ஒன்று மட்டும் மக்களே, வயர் வைத்தியம் ஆகாது. காது டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.