பீச்சாங்கையின் முறை

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. டென்னிஸ் ஆடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொச்சியை அடுத்த கும்பளங்கியிலிருந்து பாலம் ஏறி, பெரும்படப்பு, பள்ளுருத்தி, தோப்பும்படி என்று பைக்கில் அவளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மற்ற ஆறு நாளும் மட்டாஞ்சேரியில் ஒரு மலைச்சரக்குக் கடையில் மிளகுக்கும் ஏலத்துக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். அந்த ஒரு காலைப் பொழுதுக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

போன வருடம் அவளை ஒரு பந்து படாத பாடு படுத்தியது. வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஃபோர்ஹேண்ட் நன்றாக வரும். இடப்பக்கம் வரும் பந்தை இரண்டு கையாலும் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டில் மட்டும், பந்து ஒன்று வலையில் போய் விழும், இல்லையென்றால் கோட்டைத் தாண்டி வெளியே போகும். மெதுவாக அடித்தால் உள்ளே விழும். ஆனால் எதிரில் நிற்கும் பெண் அதை அடித்து நொறுக்கிவிடுவாள். ஒவ்வொரு தவறுக்கும் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தைரியமாகச் சிரிப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

சங்கதி எளியதுதான். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. வலை நடுவில் 3 அடி உயரம், இரு ஓரங்களிலும் மூன்றரை அடி. தட்டையாக அடித்த பந்து வேகமாகப் போக வேண்டுமென்றால் வலையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கொஞ்சம் தூக்கினால் களத்துக்கு வெளியே போய்விடும். டாப்ஸ்பின் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. மட்டை கீழிருந்து மேலே ஏறும்போது பந்தின் பின்புறத்தைத் தடவிக்கொண்டு போனால், பந்து முன்னோக்கி உருண்டபடியே பறக்கும். அப்படி உருளும் பந்தைக் காற்று கீழ் நோக்கி அழுத்தும். வலைக்கு மேல் மூன்று நான்கு அடி உயரத்தில் பயமில்லாமல் கடந்து, அந்தப் பக்கம் போனதும் சட்டென்று தலை கவிழ்ந்து விழும். விழுந்த பிறகும் துள்ளி எழுந்து எதிராளியின் தோளுக்கு வரும். வேகமாக அடித்தும் உள்ளே விழ வைக்கும் வழி அது.

பயிற்சியாளர் பள்ளுருத்திக்காரர், இளைஞர். இரண்டு வாரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு என்னைத் தனியே கூப்பிட்டு, "சேட்டா, இவளுக்கு இடது கைப் பழக்கம் எப்போதாவது இருந்ததா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தது. மூன்று வயதில் அவள் இடது கையால்தான் சோறு அள்ளினாள், சிலேட்டில் கோடு போட்டாள், பந்தை எறிந்தாள். "பீச்சாங்கையால சாப்பிடக் கூடாதுடி கண்ணு" என்று என் அம்மா அந்தச் சின்னக் கையில் லேசாகத் தட்டுவார். கோபமாக அல்ல, பாசத்தோடுதான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சில நாள் நானே தட்டினேன். ஆறு மாதத்தில் கை மாறிவிட்டது. அதோடு அதை மறந்தும் போனோம். சோற்றைத் தொடும் கைக்குச் சோத்தாங்கை என்று பெயர் வைத்தோம். கழுவும் கைக்குப் பீச்சாங்கை. பெயரிலேயே ஒன்றை உயர்த்தி, ஒன்றைத் தாழ்த்திவிட்டோம்.

பயிற்சியாளர் தலையாட்டினார். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு கை பேக்ஹேண்டில் இவள் வலது கையை மட்டும் வேலை செய்ய விடுகிறாள், இடது கை சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது என்றார். வலது கைக்காரர் அடிக்கும் இரண்டு கை பேக்ஹேண்ட் உண்மையில் இடது கையின் ஃபோர்ஹேண்ட்; வலது கை அதற்குத் துணைக்கு நிற்கிறது. அவர் விளக்கிய பிறகு எனக்கு டென்னிஸே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

பிறகு பிடியைப் பற்றிப் பேசினோம். மட்டையின் கைப்பிடி எட்டுப் பட்டை கொண்டது. எந்தப் பட்டையில் உள்ளங்கை உட்காருகிறதோ, அதைப் பொறுத்து மட்டையின் முகம் திறக்கும் அல்லது கவியும். கீழே, கைப்பிடியின் அடியில் இருப்பது வலது கை. அதைக் காண்டினென்டல் பிடியில், அதாவது சுத்தியலைப் பிடிப்பது போல, வைப்பது பொது வழக்கம். அதற்கு மேலே இடது கை. அதை ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் பிடியில், மட்டையோடு கை குலுக்குவது போல வைத்தால் அடி தட்டையாக, நேராகப் போகும். தாழ்ந்து வரும் பந்துக்கு நல்லது. அதே இடது கையை இன்னும் ஒரு பட்டை கீழே இறக்கி, உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் வரும்படி வைத்தால் அது செமி வெஸ்டர்ன். இந்தப் பிடியில் மட்டையின் முகம் இயல்பாகவே சற்றுக் கவிந்து, கீழிருந்து மேலே தடவ வசதி தருகிறது. இடுப்புக்கு மேல் எழும்பி வரும் பந்தையும் சமாளிக்கலாம்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. வலது கையையே ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் பிடிக்கு, மேல் பட்டைக்கு, திருப்பிவிடுவது. டாப்ஸ்பின் இன்னும் கூடும். ஆனால் பந்தை உடம்புக்கு இன்னும் முன்னால் போய்ப் பிடிக்க வேண்டும். வலைக்கு அருகே ஓடி, பந்து தரையில் படுமுன் வாலி அடிக்கும் நேரத்தில் பிடியை மாற்றியாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இத்தனை வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். வலது கை காண்டினென்டலிலேயே இருக்கட்டும். இடது கை மட்டும் ஒரு பட்டை கீழே இறங்கட்டும். இப்போதும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அவசரத்தில் இடது கையை விட்டு, பந்தை மேலிருந்து கீழாக வெட்டும் ஸ்லைஸ் அடிக்க நேர்ந்தாலும், வலது கை தயாராக இருக்கிறது.

ஆனால் பிடியை மாற்றினால் மட்டும் பந்து உருண்டுவிடாது. அடிப்பதற்கு முன் மட்டையின் தலை பந்துக்குக் கீழே இறங்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்க வேண்டும். இவற்றைப் பழக்குவதற்கு முன் பயிற்சியாளர் அவளுடைய வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். இடது கையால் மட்டையைச் சற்று மேலே பிடித்து, வெறும் இடது கை ஃபோர்ஹேண்ட். முதல் நாள் பந்து அங்குமிங்கும் சிதறும் என்று எதிர்பார்த்தேன். சிதறவில்லை. பத்தாவது பந்திலேயே அந்தக் கை வழி கண்டுபிடித்துவிட்டது. ஒன்பது வருடம் ஓரமாக நின்ற கை, கூப்பிட்டதும் வந்துவிட்டது. வேலியோரம் நின்றிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு கை அடி இன்று எங்கும் இருந்தாலும், நம்முடைய டென்னிஸ் மரபு ஒரு கை பேக்ஹேண்டில் வளர்ந்தது. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்று, 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன், 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்ற அவர் மகன் ரமேஷ், விஜய் அமிர்தராஜ் என்று எல்லோரும் ஒரு கையால் பந்தை வருடி அனுப்பியவர்கள். இரண்டு கையால் அடித்த ஆஸ்திரேலியர் விவியன் மெக்ராத் 1937இலேயே தன் நாட்டுப் பட்டத்தை வென்றிருந்தாலும், உலகம் அந்த அடியை முழுதாக ஏற்றுக்கொண்டது 1970களில்தான். சிறு வயதில் ஐஸ் ஹாக்கி ஆடிய ஸ்வீடனின் பியோர்ன் போர்க், ஹாக்கி மட்டையை வீசுவது போலவே பேக்ஹேண்ட் அடித்தார். 1974 அமெரிக்க ஓப்பனில் அவரை விஜய் வீழ்த்தினார். 1979 விம்பிள்டனில் இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் முன்னால் நின்ற விஜயிடமிருந்து, ஐந்தாவது செட்டில் ஆட்டத்தைப் பறித்துக்கொண்டார் போர்க். 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டனை வென்ற அந்த ஆட்டத்தின் உயிர் டாப்ஸ்பின். 2009 சென்னை ஓப்பனில் இறுதிப் போட்டி வரை வந்த சோம்தேவ் தேவ்வர்மன், சானியா மிர்சா ஆகியோர் காலத்தில் இரண்டு கை பேக்ஹேண்ட் நம் ஊருக்கும் இயல்பாகிவிட்டது. 2024 பிப்ரவரியில், உலகத் தரவரிசையின் முதல் பத்து ஆண்களில் ஒரு கை பேக்ஹேண்ட் ஆடுபவர் ஒருவர்கூட இல்லை என்ற நிலை முதன்முறையாக வந்தது.

சென்னை ஓப்பன் நடந்த நுங்கம்பாக்கத்தில் ஆடிய இன்னொருவரையும் மகளுக்குச் சொன்னேன். ரஃபேல் நடால் 2004இல் அங்கே இரட்டையர் பட்டம் வென்றார். 2008இல் ஒற்றையர் இறுதிப் போட்டி வரை வந்தார். எழுதுவது வலது கையால், ஆடுவது இடது கையால். அவருடைய இரண்டு கை பேக்ஹேண்டில் மேலே இருப்பது எழுதும் வலது கை. உனக்கும் அப்படித்தான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது என்றேன். அவள் மட்டையை மடியில் வைத்து வெகு நேரம் தன் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது, களம் மூடப்பட்டது. திண்ணையில் நின்று பந்தில்லாமல் வீசிப் பழகினாள். கொச்சியின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து, பிடி வழுக்கும். கைப்பிடி மேல் சுற்றும் துணி நாடாவை அடிக்கடி மாற்றினோம். பக்கத்தில் ஒரு துண்டு. எதிரே காயலில் சின்ன வஞ்சியில் ஒருவர் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார். மகள்தான் முதலில் கவனித்தாள். "அப்பா, அவர் மேல் கை எதுக்கு, கீழ் கை எதுக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். துடுப்பின் தலைப்பில் இருக்கும் கை திசையைத் திருப்புகிறது. பலகைக்கு அருகே பிடித்த கை தண்ணீரை இழுக்கிறது. மட்டையிலும் அதே ஏற்பாடுதான்: அடியில் இருக்கும் வலது கை முகத்தின் கோணத்தைக் காக்கிறது, மட்டையின் தலைக்கு அருகே இருக்கும் இடது கை பந்தை எடுத்துச் செல்கிறது. சற்று நேரத்தில் நீரோட்டம் மாறியது. அவர் துடுப்பை மறுபக்கம் போட்டார். கைகளும் இடம் மாறின. இழுத்த கை திசை பார்த்தது, திசை பார்த்த கை இழுத்தது. காயலில் பிழைப்பவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்றை ஒதுக்கினால் வஞ்சி வட்டமடித்துக்கொண்டே நிற்கும்.

மழை விட்டுக் களம் திறந்தபோது அவள் பேக்ஹேண்ட் மாறியிருந்தது. பந்து வலைக்கு மேல் நல்ல உயரத்தில் வளைந்து போய், கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்து துள்ளியது. எல்லாப் பந்தும் அல்ல. தாழ்ந்து வரும் பந்தில் இன்னும் தடுமாறுகிறாள். முழங்கால் மடங்காத நாளில் பழையபடி வலையில்தான் விழுகிறது. பெரிய போட்டி எதையும் அவள் வெல்லவில்லை. ஆனால் தவறிய பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. இடது கையைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்கிறாள்.

வலது கையால் ஆடும் பிள்ளைகளுக்கு இரண்டு கை பேக்ஹேண்ட் கற்றுக்கொடுப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இதைச் சொல்வேன்: டாப்ஸ்பின் கூட வேண்டுமென்றால் வலது கையைக் காண்டினென்டலில் விட்டுவிட்டு, இடது கையைச் செமி வெஸ்டர்னுக்கு இறக்குங்கள், அதைத் தனியாக ஆட விட்டுப் பலப்படுத்துங்கள். டென்னிஸே ஆடாத வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. உங்கள் குழந்தை எந்தக் கையால் பென்சில் எடுத்தாலும், எந்தக் கையால் பந்து எறிந்தாலும், அந்தக் கையைத் தட்டாதீர்கள்.