கூடாரத்துக்குள் காயும் பருப்பு

காங்கேயத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் களங்கள்தான். சிமென்ட் தரையில் பாதி பாதியாக உடைத்த தேங்காய் வானம் பார்த்துக் காய்கிறது. காயில் பெரும்பகுதி வெளியூர்ச் சரக்கு. பொள்ளாச்சி, உடுமலையிலிருந்து வருகிறது. கேரளத்திலிருந்தும் லாரி வரும். மழை குறைந்த பூமி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் விடாமல் அடிக்கும். தென்னை வளரும் ஊரில் கொப்பரை எளிதில் காயாது. கொப்பரை காயும் ஊரில் தென்னைக்குத் தண்ணீர் போதாது. அதனால்தான் காய் இத்தனை தூரம் வருகிறது.

நான் போனது வெள்ளகோவில் பக்கம் உள்ள ஒரு சிறிய களத்துக்கு. அங்கே திறந்த களத்தை ஒட்டி ஒரு சூரியக் கூடார உலர்த்தி நிற்கிறது. வளைந்த இரும்புச் சட்டத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு. முகப்பில் காற்றை வெளியே தள்ளும் விசிறிகள், அவற்றை ஓட்ட ஒரு சோலார் பலகை. உள்ளே வந்த வெயில் வெப்பமாகி அங்கேயே தங்கிவிடும். சூடான காற்று தேங்காய்ப் பருப்பின் ஈரத்தை வாங்கிக்கொள்ள, விசிறி அதை வெளியேற்றும். வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. 1980களில் ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் வெப்ப நாடுகளுக்கென்று சுரங்க வடிவ உலர்த்தியை உருவாக்கியது. தாய்லாந்தின் சில்பகோர்ன் பல்கலைக்கழகம் ஆள் நடமாடும் அளவுக்குப் பெரிய வளைகூரைக் கூடாரங்களைச் செய்துகாட்டியது. நம் வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்துவருகிறது.

உலர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்று தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அரசு கொள்முதலுக்கு ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு டன் பச்சைப் பருப்பை அந்த நிலைக்குக் கொண்டுவர 470 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மட்டுமே 300 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் தேவை. வீணாகும் வெப்பம் தனி. இதை மின்சாரத்தில் செய்தால் எந்தச் சிறு வியாபாரியும் தாங்கமாட்டார். வெயில் இதை இலவசமாகச் செய்கிறது, ஆனால் ஏழெட்டு நாள் எடுத்துக்கொள்கிறது. கூடாரத்தில் மூன்று நான்கு நாள் போதும்.

அந்த நான்கு நாள் வித்தியாசத்தில்தான் பூஞ்சை இருக்கிறது. ஈரம் மெல்ல இறங்கினால் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. பிண்ணாக்கு வழியாக மாட்டுக்குப் போய்ப் பாலிலும் வரும். பூஞ்சைக்குப் பயந்து பல களங்களில் கந்தகம் எரித்துப் புகை போடுகிறார்கள். பருப்பு பளிச்சென்று வெளுத்துவிடும். புகை போவது பருப்புக்குள் மட்டுமல்ல.

"கந்தகம் போட்ட களத்துல பருப்பு எடுத்தா ராத்திரி பூரா இருமல்தானுங்க. கண்ணு எரியும், தண்ணி கொட்டும்," என்றார் அங்கே வேலை செய்த ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். "இங்க அந்தத் தொல்லை இல்லீங்க. அதுக்காகவே ரெண்டு ஊரு தள்ளி இங்க வர்றேன்."

பேசிக்கொண்டே அவர் கை ஓடியது. இரண்டு நாள் காய்ந்த பாதிக் காயை இடது கையில் பிடித்து, வளைந்த இரும்பு முனையைத் தொட்டிக்கும் (சிரட்டைக்கும்) பருப்புக்கும் நடுவே நுழைத்து, மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்பு. பருப்பு உடையாமல் முழுக் கிண்ணமாகக் கழன்று விழுகிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் பருப்பு தொட்டியை விடாது. அதிகம் காய்ந்திருந்தால் துண்டு துண்டாகப் போகும். எப்போது எடுக்கலாம் என்பதை அவர்தான் சொல்கிறார். களத்தில் ஈரப்பத மீட்டர் இருக்கிறது. ஆனாலும் களத்துக்காரர் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை பிடிப்பதில்லை. ஒரு துண்டை வளைத்துப் பார்க்கிறார். 'டக்' என்று முறிந்தால் சரி. ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னொரு நாள்.

இத்தனை நன்மை இருந்தும் ஏன் எல்லாக் களத்திலும் கூடாரம் இல்லை? களத்துக்காரரிடமே கேட்டேன்.

"பருப்பு சுத்தம்னு வியாபாரிக்கும் தெரியுமுங்க. ஆனா மார்க்கெட்டுல வெலை ஒண்ணுதான். கந்தகம் போட்டதுக்கும் அதே வெலை, போடாததுக்கும் அதே வெலை. அப்பறம் எவன் முதல் போடுவான்?"

ஆய்வுக்கூடத்தில் வென்ற தொழில்நுட்பம் சந்தையில் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். உலர்த்தியின் திறன் இத்தனை சதவீதம் என்று எழுதும் ஆய்வாளர், அந்தப் பருப்பு யாரிடம் என்ன விலைக்குப் போகும் என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் களத்துக்காரர் கண்ட வழி, பருப்பாக விற்காமல் எண்ணெயாக விற்பது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020இல் வந்தது. கடனோடு இணைந்த 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். அதில் ஒரு செக்கு போட்டார். கந்தகம் சேராத எண்ணெய் என்று சொல்லி விற்கும்போதுதான் கூடாரத்துக்கு விலை கிடைக்கிறது. பணம் எட்டு நாளுக்குப் பதில் நான்கே நாளில் கைக்குத் திரும்புவதும் சின்ன விஷயமில்லை. கொப்பரை விலை வாரத்துக்கு வாரம் ஆடும் தொழிலில், சரக்கு களத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வட்டியோடு பயமும் சேர்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெயிலுக்குத் துணையாகத் தேங்காய்த் தொட்டியை எரித்துச் சூடேற்றும் அடுப்பு ஒன்றும் வைத்திருக்கிறார். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தொட்டியால் எரியும் உலர்த்திகளை எப்போதோ வடிவமைத்துவிட்டது. ஆனால் கரித் தொழிற்சாலைகள் தொட்டியை நல்ல விலைக்கு வாங்குவதால், அதை எரிக்கும் ஒவ்வொரு முறையும் இவர் கணக்குப் பார்க்கிறார்.

உச்சி வெயிலில் கூடாரத்துக்குள் போனேன். சுவரில் தொங்கிய வெப்பமானி 60 டிகிரியை ஒட்டி நின்றது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் சுட்டது. உடனே வெளியே வந்துவிட்டேன். பருப்புக்கு அது நல்ல சூடு. ஆனால் அதைக் கிளறிவிட ஓர் ஆள் உள்ளே போக வேண்டுமே? விடியற்காலை ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறை என்று பெண்கள் தாங்களாகவே நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடுப்பகலில் கிளறினால் இன்னும் சீக்கிரம் காயும் என்பது அவர்களுக்கும் தெரியும். கந்தகப் புகையிலிருந்து காப்பாற்றிய கூடாரம் அவர்களை வெக்கையில் தள்ளக் கூடாது.

"தட்டெல்லாம் வெளிய இழுக்கற மாதிரி இருந்தா நாங்க நெழல்ல நின்னே பெரட்டிப் போடுவமே," என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். களத்துக்காரர் இப்போதுதான் காது கொடுத்திருக்கிறார். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, சக்கரம் வைத்த அடுக்குத் தட்டு. அன்று மாலை வெல்டிங் பட்டறைக்காரர் அளவெடுக்க வந்தார். தட்டு என்ன எடை தாங்கணும் என்று கேட்டு, காய்ந்த பருப்பு மூட்டை ஒன்றைத் தராசில் தூக்கி வைத்தார்.

"தம்பி, அதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க," என்றார் அக்கா. "பச்சையா இருக்கறப்ப நிறுத்துப் பாருங்க. தொட்டியும் கூடவே இருக்கும்."

பட்டறைக்காரர் மூட்டையை இறக்கிவிட்டு, அன்று காலை உடைத்த காயை அள்ளப் போனார்.