முள் இறங்கிய வீடு

ஐம்பத்தாறு வயதில் புதிய பாடம் ஒன்றைத் தொடங்குவேன் என்று நான் எண்ணியதில்லை. அதுவும் இங்கிலாந்தில், மகள் வீட்டுச் சமையலறையில், பாய்லரின் அடியில் குனிந்து நின்றுகொண்டு!

2023 டிசம்பரில் அவளுக்குப் பேறுகாலம். தாய் இருந்திருந்தால் தாய்தான் போயிருப்பாள். அவளை இறைவன் முன்னரே அழைத்துக்கொண்டான். எனவே தாய் செய்யவேண்டிய பணிக்குத் தந்தை புறப்பட்டேன். அரபு இலக்கணம் கற்பித்தே காலம் கழித்த கைகளுக்குப் பேறுகால வீட்டில் என்ன வேலை என்ற தயக்கம் விமானத்திலேயே தொடங்கிவிட்டது.

மில்டன் கீன்ஸ் நகரின் ஓரத்தில், கட்டி முடித்து ஐந்தே மாதமான வீடு. வர்ண வாடைகூட முழுதும் போகவில்லை. மருமகன் அலுவல் நிமித்தம் இரண்டு நாள் எடின்பரோ சென்றிருந்த வேளை. சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எழும் காலம். சுபுஹுக்கு ஒளூச் செய்யக் குழாயைத் திறந்தேன், விரல்கள் விறைத்துப்போயின. சுவரோரத்து ரேடியேட்டரைத் தொட்டேன், கல்லாய்க் குளிர்ந்திருந்தது. குழந்தை பிறந்து பதினெட்டு நாள்.

"வாப்பா, திரும்பவும் பிரஷர் இறங்கிவிட்டது. அவர் இருந்தால் தண்ணீர் ஏற்றிவிடுவார்" என்றாள் மகள், குழந்தையைப் போர்வைக்குள் அணைத்தபடி.

அழுத்தத்தை அரபியில் 'ளக்த்' என்போம். மதரஸா மாணவன் இச்சொல்லை முதன்முதலில் கேட்பது கப்ரின் நெருக்கத்தைப் பற்றிய பாடத்தில்தான். அன்று அதைப் பாய்லரின் வட்ட முகப்பில் கண்டேன். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே நிற்கவேண்டிய முள், அரைக்கும் கீழே கிடந்தது. ஒரு 'பார்' என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயர நீரின் கனம். அழுத்தம் மிகக் குறைந்தால் தனக்கே கேடு நேராதபடி பாய்லர் தானாக நின்றுவிடும். வெந்நீரும் நிற்கும், வீட்டின் வெப்பமும் நிற்கும்.

குறிப்புப் புத்தகத்தை மகள் வாசித்தாள், நான் செய்தேன். மதரஸாவில் மாணவர் இபாரத்தை வாசிப்பார், உஸ்தாத் விளக்குவார். இங்கே நான் விளக்கம் ஏதுமறியாத உஸ்தாத். குடிநீர்க் குழாயையும் வெப்பமூட்டும் குழாயையும் இணைக்கும் பின்னல் குழல் ஒன்று உண்டு. அதன் இருமுனை அடைப்பான்களில் ஒன்றை முழுதும் திறந்து மற்றதை மெல்லத் திருப்பினேன். 'உஸ்' என்ற ஓசையுடன் முள் ஏறியது. ஒன்றேகாலில் இரண்டையும் மூடி, குழலைக் கழற்றி வைத்தேன். வெப்பமூட்டும் குழாயின் அழுக்கு நீர் குடிநீரில் கலந்துவிடலாகாது என்பதற்காகக் கழற்றியே வைக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. அரை மணியில் வீடு வெதுவெதுத்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை!

ஆனால் மறுநாள் விடியலில் முள் ஒன்றில் நின்றது. அதற்கு மறுநாள் முக்காலுக்கு வந்துவிட்டது.

"இப்படி எத்தனை நாளாக?"

"வந்ததிலிருந்தே. கட்டியவர்களிடம் சொன்னோம். புது வீடென்றால் அப்படித்தான், தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள்."

அதில் பாதி உண்மை இருக்கிறது. புதிதாய் நிரப்பிய நீரில் கரைந்துள்ள காற்று சூட்டில் பிரிந்து ரேடியேட்டரின் தலையில் தங்கும். அதைச் சாவியால் வெளியேற்றினால் அழுத்தம் குறையும்; சில வாரம் அப்படி நடக்கலாம். ஐந்து மாதம் நடக்குமா? அது மூடிய சுற்று. அதே நீர்தான் பாய்லரில் சூடாகி, அறைதோறும் சென்று திரும்பி வருகிறது. நம் பள்ளிவாசல் ஹவுளில் நீர் குறைந்தால் படியில் தெரியும். பழைய ஆங்கில வீடுகளில் பரணில் சிறு தொட்டி இருந்து, ஒழுகியதைத் தானே ஈடுசெய்துவிடும். இங்கே முள் ஒன்றே சாட்சி. போதாக்குறைக்கு, புதுநீர் ஏற்றுந்தோறும் புது உயிர்வளி உள்ளே போய் இரும்பை அரித்துக் கருஞ்சேறாக்குகிறது.

நீர் போகும் வழியைத் தேடினேன். எண்பது பாகைக்குச் சூடேறினால் நீர் நூற்றுக்கு மூன்று பங்கு பருக்கும். அந்தப் பருமனைத் தாங்க ரப்பர்த் திரையிட்ட கலம் ஒன்று பாய்லரைச் சேர்ந்தது. அது பழுதானால் அழுத்தம் மூன்றைத் தொட்டு, காப்பு அடைப்பான் திறந்து, வெளிச்சுவரில் நீட்டியுள்ள செம்புக் குழாய் வழியே நீர் வழியும். அதன் வாயில் ஒரு பையைக் கட்டிவைத்தேன். காலையில் பை உலர்ந்தே இருந்தது. சரி, அங்கே இல்லை.

பிறகு மெல்லிய தாள் கொண்டு ஒவ்வொரு ரேடியேட்டரின் மூட்டையும் துடைத்துப் பார்த்தேன். சூட்டில் கசிவு உலர்ந்துவிடும் என்பதால் சுபுஹுக்கு முன், எல்லாம் குளிர்ந்திருக்கையிலேயே பார்த்தேன். மாடிச் சிற்றறையில் பெட்டிகளின் பின்னே தாள் நனைந்தது. செம்பில் பச்சை படர்ந்திருந்தது. கம்பளத்தைத் தூக்கினால் பலகை ஊறி உப்பியிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். நேர் கீழே கூடத்தின் கூரையில் வெளிர் மஞ்சள் வளையம். அதனடியில் குழந்தையின் தொட்டில்!

தொட்டிலை நகர்த்திவிட்டு உட்கார்ந்த என் கால்கள் நடுங்கியதை மகளிடம் சொல்லவில்லை.

அன்றிரவு திரும்பிய மருமகனிடம், வகுப்பில் பேசும் குரலில் பேசிவிட்டேன். "ஐந்து மாதமாக நீர் ஏற்றுகிறீர்களே, ஏற்றிய நீர் எங்கே போகிறது என்று ஒருநாளாவது கேட்டீர்களா?" அவர் தலைகுனிந்து நின்றார். கடனெல்லாம் வாங்கிக் கட்டிய வீட்டில் குறையிருக்கிறது என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. இஷாவுக்குப் பின் அவரருகே அமர்ந்து, "தம்பி, நான் பேசிய விதம் தவறு" என்றேன். "இல்லை மாமா" என்றவர், படங்களைக் காட்டச் சொல்லி அப்போதே கட்டியவர்களுக்கு எழுத உட்கார்ந்தார். அங்கே புது வீட்டின் பழுதுகளுக்கு முதல் இரண்டாண்டு கட்டியவரே பொறுப்பென்பது வழக்கம்.

நான்காம் நாள் ஓர் இளைஞர் வந்தார். மூட்டைக் கழற்றி, உள்ளிருந்த பித்தளை வளையத்தை மாற்றி இறுக்கினார். நீர்த்துப்போயிருந்த துருத்தடுப்பு மருந்தையும் புதிதாக ஊற்றினார். எல்லாம் ஒரு மணி நேரத்து வேலை. பலகையை நான் ஊர் திரும்பிய பின்பே மாற்றினார்கள்.

இப்போதும் மகளோடு பேசும்போது பேத்தியைக் கேட்டபின் முள்ளைக் கேட்பேன். மருமகன் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்: "ஒன்றேகால்தான் மாமா!"