முதுகு நிமிர்ந்த பிறகு...

முதுகெலும்பு ஆபரேஷன் என்றதும் எல்லோருக்கும் வரும் பயம் ஒன்றுதான். நரம்பில் ஏதாவது பட்டு கால் விளங்காமல் போய்விட்டால்? டூஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள பையன்களுக்கு அந்தப் பயம் இரண்டாம்பட்சம். பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே வீல்சேரில்தான் இருப்பார்கள். அவர்கள் பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. அதில் பல, தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

கொஞ்சம் முன்கதை. இவர்கள் தசையில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இருப்பதில்லை. 1987-ல்தான் அதை அடையாளம் கண்டார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் 12 வயதையொட்டி நடை நின்றுவிடும். உட்கார்ந்தபடியே வளரும் பையனின் முதுகு, தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாமல் ஒருபக்கமாக வளையும். ஸ்டீராய்டு மாத்திரைகள் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. வளைவு முற்றினால் மேல்முதுகிலிருந்து இடுப்பெலும்பு வரை கம்பியும் திருகும் வைத்து ஒரே எலும்பாக இணைத்து விடுகிறார்கள்.

சரி, அதற்குப் பிறகு? முதல் எதிரி சளி. மற்றவர்களுக்கு இருமல் ஒரு தொல்லை, இவனுக்கு அதுதான் காவல்காரன். மூச்சுத் தசை பலவீனம், போதாக்குறைக்கு ஆபரேஷன் வலி. இரும முடியாமல் சளி தங்கினால் நிமோனியாதான். நுரையீரல் கொள்ளளவு 30, 35 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது பைபாப் மாஸ்க்கையும், இருமவைக்கும் மெஷினையும் முன்கூட்டியே பழக்கிவிட்டு அதற்குக் கீழேயும் செய்கிறார்கள். பதறிப்போய் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்துவிட்டு உட்காருவது ஆபத்து. விரலில் மாட்டும் கருவி நல்ல நம்பரைத்தான் காட்டும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை அது சொல்லாது!

இதயமும் தசைதானே, அதையும் கண்காணிக்க வேண்டும். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவனுக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். ஆபரேஷன் சமயத்தில் கூடுதல் டோஸ் தராவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இதெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம். வீட்டுக்கு வந்த பிறகு தெரியவரும் ஒரு நஷ்டம் இருக்கிறது... சாப்பாடு.

ஆபரேஷனுக்கு முன்பு அவன் எப்படிச் சாப்பிட்டான்? கையை வாய்வரை தூக்க பலம் கிடையாது. முழங்கையை மேசையில் ஊன்றி, முதுகை வளைத்து, தலையைத் தட்டுப் பக்கம் கொண்டுபோவான். யாரும் சொல்லித்தராத வித்தை. இப்போது முதுகு கம்பி. தலை கீழே வராது, கை மேலே போகாது. நேற்றுவரை தானாகச் சாப்பிட்ட 14 வயசுப் பையனுக்கு அம்மா ஊட்டிவிட வேண்டும். எக்ஸ்ரேயில் முதுகு நேராக, அழகாக இருக்கும். லாபக் கணக்கில் அது ஏறிவிடும், இந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. வலியில்லாமல் நாள் முழுக்க உட்கார முடிவது சின்ன விஷயமில்லை. ஆனால் காக்ரேன் ஆய்வாளர்கள் 2007-லும் 2015-லும் தேடியபோது, ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் முறைப்படி ஒப்பிட்ட ஒரு சோதனைகூடக் கிடைக்கவில்லை. எனவே கடைசியில் குடும்பம்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மேசையை உயர்த்தினால், முழங்கைக்குக் கீழே ஒரு தாங்கி பொருத்தினால், பல பையன்களால் மறுபடி தானே சாப்பிட முடியும். எவ்வளவு உயரம் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின வாரமே, அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தட்டு சோற்றை முன்னால் வைத்து அளந்துவிடலாம்.