மடிப்பு விழுந்த பட்டா

கிருஷ்ணகிரியில் ஜமாபந்தி. மாங்காய் அறுப்பு நேரம், கூட்டம் இராது என்று நினைத்தேன். புங்கமர நிழலில் உட்கார இடமில்லை. என் பக்கத்தில் ராயக்கோட்டைப் பெரியவர், மடியில் மஞ்சப்பை. மனைவியிடம் தெலுங்கு, எழுத்தரிடம் தமிழ்.

"எங்கப்பா பேருலயே நிக்குதுங்க சார். என் பேருக்கு மாத்தணும்."

பட்டாவை விரிக்கிறார். மடிப்புகள் கிழிந்துவிடாமல் விரல் மெல்ல நகர்கிறது.

இந்தத் தாளைக் காணும்போதெல்லாம் எனக்கு தாமஸ் மன்றோவின் நினைவு வரும். டான் குயிக்சாட்டை மூலத்தில் படிக்க ஸ்பானிய மொழி கற்ற கிளாஸ்கோ இளைஞர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னை வந்தார். ஹைதர் அலியோடு நடந்த போரில் இருந்தார். பாரசீகமும் படித்தார். ஷேக்ஸ்பியரின் ஷைலக் கதையை ஒத்த பாரசீகக் கதை ஒன்றை மொழிபெயர்த்தார்.

1792இல் இந்தப் பகுதி அடங்கிய பாரமகால் கம்பெனி வசமானதும், அதன் நிர்வாகி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்தார். ஏழு ஆண்டுகள், பெரும்பாலும் தர்மபுரியில். அப்போது ஓசூர் திப்புவினுடையது. இன்று ஜூஜுவாடியில் லாரிகள் நிற்கும் எல்லை, அன்று இந்தப் பெரியவரின் ஊர்ப்பக்கம் இருந்தது. அந்த எல்லையோரத்தில்தான் நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழுபவர் பேரிலேயே வரியை எழுதும் ரயத்துவாரி உருவானது. தொடங்கியவர் ரீடு. அதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர் மன்றோ.

வரி கனம்தான், அதை மறைக்கக் கூடாது. கடப்பை, பெல்லாரிச் சீமைகளில் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இல் அவரே எழுதினார். 1820இல் சென்னை ஆளுநர். உயர்ந்த பதவிகளை இந்தியர்களுக்குக் கொடுங்கள் என்று 1824இல் எழுதிய குறிப்புக்காகவே அவரை நான் மதிக்கிறேன். 1827இல் விடைபெறும் பயணத்தில், பத்திகொண்டாவில், காலரா அவரைக் கொண்டுபோனது.

எழுத்தர் பெயரைக் கூப்பிடுகிறார். பெரியவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொள்கிறார்.

"துண்டப் போட்டுக்குங்க பெரியவரே" என்கிறார் எழுத்தர்.

அவர் போடவில்லை. சையத் பாஷா மலைக் கோட்டைச் சுவரில் வெயில் ஏறுகிறது. மனைவி காலிப் பையை நான்காக மடித்து, மடியில் வைத்துக் காத்திருக்கிறாள்.