பறக்கப் பழக எந்த ஊர்?

குடியிருக்க எந்த ஊர் நல்லது, பெண் கொடுக்க எந்த ஊர் நல்லது, பல் வலிக்கு எந்த ஊர் வைத்தியர் கைராசிக்காரர் என்றெல்லாம் என்னிடம் யோசனை கேட்டவர்கள் உண்டு. நானும் வஞ்சகமில்லாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால், "ஆகாய விமானம் ஓட்டப் பழகுவதற்கு எந்த ஊர் நல்லது, மாமா?" என்று என் தமக்கையின் குமாரன் சென்ற மாசி மாதத்தில் வந்து கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. பையன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவனுடைய படிப்புக்காக ஊரிலுள்ள நஞ்சை நிலத்தில் பாதியை விற்பதென்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. மற்றப் பாதிதான் என் தமக்கையின் வயோதிக காலத்துக்கு ஆதாரம்.

சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமை பெற வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது நம் சர்க்காரின் விதி. சொந்த சந்தோஷத்துக்காகப் பறப்பவர்களுக்கு 40 மணி போதும். மாதத்துக்கு 25 மணி பறக்கக் கிடைத்தால் 200 மணி 8 மாதத்தில் பூர்த்தியாகிவிடும். மாதம் 10 மணிதான் என்றால் 20 மாதம். அந்த அதிகப்படியான ஒரு வருஷத்துக்கு அறை வாடகை உண்டு, சாப்பாடு உண்டு, கடன் வாங்கியிருந்தால் வட்டியும் உண்டு. அத்துடன், பத்து நாள் பறக்காமலிருந்தால் கை மறந்துவிடுகிறது. கற்ற பாடத்தையே மறுபடியும் காசு கொடுத்துக் கற்க வேண்டியதாகிறது. பள்ளிக்கூட விளம்பரங்களில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மாதத்தில் எத்தனை மணி நேரம் ஆகாயம் திறந்திருக்கும் என்று யாரும் போடுவதில்லை.

பையனின் சிநேகிதர்கள் சிலர் அமெரிக்காவிலுள்ள அரிஸோனாவுக்குப் போயிருக்கிறார்கள். அது வறண்ட பாலைவனப் பிரதேசம். மேகமும் யுத்தமும் சூழ்ந்த தங்கள் சொந்த ஆகாயத்தை நம்ப முடியாமல் பிரிட்டிஷார்கூட 1941 முதல் தங்கள் பையன்களை அங்கேயுள்ள மெஸா என்னும் ஊருக்கு அனுப்பிப் பறக்கப் பழக்கினார்கள். எல்லாம் வாஸ்தவந்தான். ஆனாலும், ஆகாயத்துக்குமா அயல்நாடு போக வேண்டும்? "முதலில் நம் நாட்டு ஆகாயத்தைப் பார்த்துவிட்டு வருவோம், வா" என்று அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். சென்னையில் பறக்கும் சங்கம் 1930-லேயே ஏற்பட்டுவிட்டது. அந்த நாளில் ஆகாயம் முழுவதும் அவர்களுடையது. இன்றோ பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கிய வண்ணமாக இருக்கின்றன. இத்தகைய இடத்தில் சின்ன விமானத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவன், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, தன் முறைக்காகத் தரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பெரிய விமானம் போன வழியில் கண்ணுக்குத் தெரியாத காற்றுச் சுழல் சிறிது நேரம் நிற்கும். சிறிய விமானம் அதில் அகப்பட்டால் குப்புறக் கவிழ்ந்தாலும் கவிழும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மழை என்றதும் பம்பாய் ஜூஹூவின் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் முதலாம் நம்பர் விமானி உத்தரவை 1929-ல் பெற்ற ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா, 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் பறந்து வந்து இறங்கியது அங்கேதான். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்த ஜூஹூ மைதானம் கடற்கரைச் சேற்று நிலம். மழைக் காலம் வந்தால் முழுகிவிடும். விமானங்களை ஓட்டிக்கொண்டு புனாவுக்குக் குடிபோய்விடுவார்கள். டாட்டாவுக்கே இந்தக் கதி என்றால், மணிக் கணக்கில் பணம் கட்டும் மாணவன் என்ன செய்வான்?

பெங்களூரில் ஜக்கூர் மைதானத்தைப் பார்த்தோம். இங்கே சீதோஷ்ணம் இன்பமாயிருக்கிறது. பையனுக்கு ஊரை விட்டுக் கிளம்பவே மனமில்லை. ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால் காற்று லேசானது. சித்திரை வெயிலில் உஷ்ணம் 35 டிகிரிக்கு ஏறினால் அந்தக் காற்று இன்னும் இளகி, 6,000 அடி உயரத்துக் காற்றுப் போல் ஆகிவிடும். இறக்கைக்குப் பிடிப்புக் குறைவு. இயந்திரத்துக்கும் மூச்சுத் திணறல். கிளம்புவதற்கு அதிக தூரம் ஓட வேண்டும். கிளம்பிய பிறகும் மெல்லத்தான் ஏறும். ஜக்கூரைச் சுற்றிலுமோ வீடுகள் நெருங்கிவிட்டன. விமானம் கிளம்பியவுடன் ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வி, "இப்போது இயந்திரம் நின்றுபோனால் எங்கே இறங்குவாய்?" என்பதாம். மாடி வீடுகளையும் மின்சாரக் கம்பிகளையும் காட்டி எந்த மாணவன் பதில் சொல்வது?

கோயம்புத்தூரில் அதிக நேரம் தங்கவில்லை. மேற்கு மலைத் தொடரில் சுமார் 20 மைல் அகலத்துக்கு வாசல் திறந்துவிட்டாற்போல் இருக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் அதன் வழியே காற்றுச் சீறிக்கொண்டு வரும். மாணவர்கள் பெரும்பாலும் பழகும் செஸ்னா 172 விமானத்தில், குறுக்குக் காற்று மணிக்கு 17 மைலுக்குள் இருக்கிறவரையில்தான் இறக்கிக் காட்டியிருக்கிறார்கள் அதைச் செய்தவர்கள். தெற்கே ஆரல்வாய்மொழியும் இதே மாதிரிதான். காற்றாலை சுழலும் இடத்தில் கன்னி விமானிக்கு வேலையில்லை.

ஆனால், உல்லாசத்துக்காகப் பறப்பவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் தலைகீழ். இயந்திரமில்லாத மிதவை விமானத்துக்கும், பாராகிளைடர் என்கிற பறக்கும் பாய்க்கும் வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றுத்தான் இயந்திரம். மாணவனைத் தூக்கித் தூக்கிப் போட்டு வயிற்றைக் கலக்கும் அந்தக் காற்றைத் தேடி இவர்கள் ஊர் ஊராய் அலைகிறார்கள்! இமயமலைச் சாரலில் பில்லிங் என்னுமிடத்தில் 2,400 மீட்டர் உயரத்தில் குதித்து, பீர் கிராமத்தில் இறங்குகிறார்கள். 2015-ல் உலகக் கோப்பைப் பந்தயமே அங்கே நடந்தது. மழை ஓய்ந்த ஐப்பசியில்தான் அங்கே போக வேண்டும்.

வடக்கே அமேதி ஜில்லாவில், பர்சத்கஞ்சில், மத்திய சர்க்கார் 1985-ல் ஸ்தாபித்த பெரிய விமானக் கலாசாலை இருக்கிறது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனியில் மூழ்கிவிடுகிறது. யுத்த காலத்தில் ஆரம்பப் பயிற்சிக்கென்று தேர்ந்தெடுத்த இடங்கள் ஹைதராபாத் பேகம்பேட்டையும், ராஜபுதனத்து ஜோத்பூரும். சுதந்திர இந்தியாவின் விமானப் படைக் கலாசாலையும் 1971-ல் ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில்தான் திறக்கப்பட்டது. கடலுக்கும் பனிக்கும் தூரமான தக்காண பூமியின் ஆகாயத்தைப் பட்டாளத்தார் வீணாகவா நாடியிருப்பார்கள்?

திரும்பும் வழியில் ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில், சேலம் விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். விடியற்காலம். சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. சுமார் 6,000 அடி ஓடுபாதை; சின்ன விமானத்துக்கு அதில் பாதியே தாராளம். பெரிய விமானங்களின் நடமாட்டமும் சொற்பம். ஒரு முறை கிளம்பி, சுற்றி வந்து இறங்க ஆறேழு நிமிஷம் என்றால், இடையூறில்லாத இடத்தில் மணிக்கு எட்டு ஒன்பது முறை இறங்கிப் பழகலாம். கோடை மழை பெரும்பாலும் மாலையில் இடியோடு வரும். காலை 6 மணியிலிருந்து 10 மணி வரை மாணவனுக்குச் சொந்தம். விமான நிலைய அதிகார சபையார் 2022-ல் பயிற்சிப் பள்ளிகளுக்காக ஒதுக்கிய இடங்களில் சேலமும் கடப்பையும் சேர்ந்திருந்தன. கடப்பையில் மழை இன்னும் குறைவு. வெயில் இன்னும் கடுமை.

ஒரே ஒரு எச்சரிக்கை செய்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் கண்ணாடி போன்ற ஆகாயமுள்ள ஓர் ஊரில் சேர்ந்தான். அங்கே பறக்கக்கூடிய விமானம் இரண்டு. மாணவர்களோ நாற்பதுக்கு மேல். ஆறு மாதம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். ஆகையால், "பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் வேலிக்கு வெளியே நின்று, கிளம்புகிற விமானங்களை எண்ணு" என்றேன். பையன் சிரித்தான். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

ஊருக்கு வந்து தமக்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆக, மழை பெய்யாத ஊர்தான் உத்தமம் என்கிறாய், தம்பி?"

"ஆமாம் அக்கா. கடப்பை என்றால் இன்னும் விசேஷம்."

"நன்றாயிருக்கிறது! மழை பெய்யும் என்று நம்பி உன் அத்திம்பேர் வாங்கிய நிலத்தை விற்று, மழை பெய்யாது என்று நம்பி இவன் போகிறான்" என்றாள். பிறகு உள்ளே போய்ப் பத்திரங்களை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, ஆடி பிறப்பதற்குள் கிரயத்தை முடித்துவிடச் சொன்னாள்.