பார்க்கிங் ஆப்பும் ஸ்டாண்டு அண்ணாச்சியும்

நாரோயில்ல (நாகர்கோவில்தான். எங்க ஊர்க்காரங்க வாயில முழுப் பேரும் வராது) ஜவுளி எடுக்கக் கிளம்புற வீட்டுல முதல் பேச்சு என்ன எடுக்கணும்கறது இல்லை. "கார் வேண்டாம் கேட்டியளா, கொண்டு எங்க விடுவிய?" இதுதான். அதுக்கு யாருகிட்டயும் பதில் இருக்காது. கடைசில பைக்குல ரெண்டு பேர் போவாங்க, மத்தவங்க மினிபஸ்ல.

ஊர் அமைப்பு அப்படி. வடசேரி, செட்டிகுளம், வேப்பமூடு, மணிமேடை, மீனாட்சிபுரம், கோட்டாறுன்னு கடைகண்ணி எல்லாம் கொஞ்ச தூரத்துக்குள்ளயே நெருக்கி அடிச்சுக் கிடக்கு. மணிமேடை கட்டினது 1893-ல. 1956-ல திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோட சேந்தோம். 2019-ல மாநகராட்சியும் ஆயாச்சு. ரோட்டோட அகலம் மட்டும் பல இடத்துல மணிமேடை காலத்துலயே நிக்கி.

சரி, விஷயத்துக்கு வாரேன். வாரத்துல அஞ்சு நாள் எனக்குப் பொட்டி தட்டுற வேலை. மிச்ச ரெண்டு நாள்ல, கூடப் படிச்ச ரெண்டு பேரோட சேந்து ஒரு பார்க்கிங் ஆப் பண்ணிட்டு இருக்கேன். செயற்கை நுண்ணறிவு உண்டு (இப்பல்லாம் அது இல்லேன்னா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க :-)). தெரிஞ்ச ஜவுளிக்கடை முதலாளி ஒருத்தர், "கடைக்குப் பின்னால கிரவுண்டு சும்மா தானே கெடக்கு, அங்க செஞ்சு பாருங்கடே"ன்னு இடம் கொடுத்தார். கம்பத்துல ஒரு கேமரா, கடைக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் போன்ல ஒரு ஆப். திட்டம் அவ்வளவுதான்.

இடம் தேடிச் சுத்துறது சின்ன விஷயம் இல்லை. டொனால்ட் ஷூப்னு அமெரிக்காவுல ஒரு பேராசிரியர் இருந்தார், 2025-ல காலமானார். வாழ்க்கை முழுக்க பார்க்கிங்கைப் பத்தியே ஆராய்ச்சி பண்ண மனுஷன். 2005-ல இலவச பார்க்கிங்கோட உண்மையான செலவு என்னன்னு தலகாணி சைஸ்ல ஒரு புத்தகமும் போட்டார். பல ஊர்கள்ல முன்ன நடந்த ஆய்வுகளை அவர் தொகுத்துப் பாத்தப்ப, நெரிசலான கடைவீதிகள்ல ஓடுற வண்டிகள்ல சராசரியா 30 சதவீதம் நிறுத்த இடம் தேடிச் சுத்துற வண்டிகளா இருந்திருக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல வெஸ்ட்வுட்னு ஒரு சின்ன கடைத்தெருப் பகுதி. அங்க இப்படிச் சுத்துறதுல மட்டும் வருஷத்துக்கு 9.5 லட்சம் மைல் வீணாகுதுன்னு கணக்குப் போட்டார். ஒவ்வொருத்தரும் சுத்துறது மூணு நிமிஷம், நாலு நிமிஷம்தான். எல்லாத்தையும் கூட்டினா பூமியை முப்பது தடவைக்கு மேல சுத்தி வந்த தூரம்!

இதுக்கு செயற்கை நுண்ணறிவு என்ன பண்ணும்? படத்துல ஒவ்வொரு கட்டத்தையும் வெட்டி எடுத்து, இதுல வண்டி இருக்கா இல்லையான்னு சொல்லும். அதுக்கு முதல்ல ஆயிரக்கணக்கான படம் காட்டிப் பழக்கணும். பிரேசில்ல 2015-ல 'பிகேலாட்'னு ஒரு படத் தொகுப்பு வெளியிட்டாங்க. 12,000-க்கு மேல படம், வெட்டி எடுத்த கட்டங்கள் கிட்டத்தட்ட 7 லட்சம். வெயில், மேகமூட்டம், மழைன்னு மூணு வகையும் அதுல உண்டு. ஒரு இடத்துப் படத்துல பழக்கி அதே இடத்துல சோதிச்சா 99 சதவீதத்துக்கு மேல சரியா சொல்லுது. வேற இடத்துக்குக் கொண்டு போனா குறையும். ஆனாலும் பரவாயில்லை, சமாளிக்கலாம்.

பிரச்சனை என்னன்னா, இதெல்லாம் கோடு போட்ட இடத்துக்கு. நம்ம கிரவுண்டுல கோடே கிடையாது. சுண்ணாம்புல கோடு போட்டாலும் அடுத்த மழையில போயிரும் (எங்க மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டுங்கறது ஒரு பெருமை). பைக் ஸ்டாண்டு கதை இன்னும் வேற. "ஹேண்டில் லாக் போடாதீங்க"ன்னு சொல்லித்தான் டோக்கனே தருவாங்க. நீங்க விட்ட எடத்துல உங்க வண்டி இருக்காது. அண்ணாச்சி அதைத் தூக்கி ஓரமா நகட்டி, நடுவுல இன்னும் ரெண்டு வண்டியைச் சொருகி இருப்பார். கார்னா முன்னால ஒண்ணு, அதை மறிச்சு இன்னொண்ணு. கண்ணாடியில போன் நம்பர் எழுதின துண்டுச்சீட்டு. இங்க 'காலி இடம்'கறது பூமியில இருக்கற பொருள் இல்லை. ஒரு ஆள் உண்டாக்குறது.

அந்த ஆள்தான் ஸ்டாண்டு அண்ணாச்சி. அறுபது வயசு தாண்டியாச்சு. காக்கிச் சட்டை, கழுத்துல விசில், கையில டோக்கன் புக். முன்ன மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவர். ஒரு நாள் சாயங்காலம் அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கேமரா சொல்றதையும் அவர் சொல்றதையும் ஒப்பிட்டுப் பாத்தோம். கேமரா 'நிறைஞ்சாச்சு'ன்னு சொன்ன நேரத்துல அவர் ஒரு காரை உள்ள விட்டார். எப்படின்னு கேட்டேன்.

"அந்த வெள்ள காரு நிக்கில்லா மக்கா? பிள்ளைக்கு யூனிபாரம் எடுக்க வந்தவ. பத்து நிமிசத்துல எடுத்துருவாவ. அந்தால நிக்கது கல்யாண பார்ட்டி. அது ரெண்டு மணிக்கூர் அசையாது பாத்துக்கோ."

சொன்ன மாதிரியே வெள்ளைக் கார் கிளம்பிச்சு. யார் எவ்வளவு நேரம் நிப்பாங்கங்கறதை அவர் இறங்குற ஆளைப் பாத்தே சொல்லிடறார். கேமராவுக்கு வண்டி தெரியும். வந்த காரியம் தெரியாது.

இன்னொண்ணு, நாள்கணக்கு. நாங்க போட்ட மாடலுக்குத் தெரிஞ்சதெல்லாம் சனி, ஞாயிறுதான். அண்ணாச்சிக்கு ஊரே தெரியும். ஆவணி மாசம் ஞாயித்துக்கிழமைன்னா நாகராஜா கோவில் கூட்டம். நவம்பர் கடைசில இருந்து டிசம்பர் 3 வரைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா. மார்கழியில சுசீந்திரம் தேரு. மாசியில மண்டைக்காடு. ஓணத்துக்கு முந்தின வாரம் தோவாளைப் பூச்சந்தையில இருந்து எல்லாமே தலைகீழ். சபரிமலை சீசன்ல கன்னியாகுமரிக்குப் போற வெளியூர் வண்டி தனி. போதாததுக்கு முகூர்த்த நாள். மூணு பேரும் உக்காந்து அண்ணாச்சி சொல்லச் சொல்ல இதையெல்லாம் மாடல்ல ஏத்தினோம். அவர் முகத்துல ஒரு வாத்தியார் களை!

இந்த இடத்துல சான்பிரான்சிஸ்கோ கதையைச் சொல்லணும். 2011-ல அங்க 'எஸ்எஃப்பார்க்'னு பெரிய திட்டம் ஆரம்பிச்சாங்க. ரோட்டுல சுமார் 8,200 இடத்துல தரையில சென்சார் பதிச்சாங்க. எங்க காலின்னு போன்லயே பாக்கலாம். கூட்டத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும், இறங்கும். சென்சாரோட பேட்டரிக்கு ஆயுசு முடிய, 2013 கடைசில அதையெல்லாம் நிறுத்தியாச்சு. ஆனா கட்டண முறையை விடலை. மீட்டர்ல ஜனங்க காசு போட்ட கணக்கை வச்சே எவ்வளவு இடம் நிறைஞ்சிருக்கும்னு மதிப்பிட்டு நடத்தினாங்க. 2018-ல நகரம் முழுக்க இருக்கற மீட்டர்களுக்கு விரிவாக்கினாங்க. அதாவது, எப்பவும் கையில இருந்த ரசீதுக் கணக்கே சென்சார் வேலையைப் பாத்துச்சு.

நம்ம ஊர்ல அந்த ரசீதுக் கணக்கு எதுன்னு கேக்கறீங்களா? அண்ணாச்சியோட டோக்கன் புக் அடிக்கட்டை. வண்டி நம்பர், வந்த நேரம் ரெண்டும் அதுல இருக்கு. போற நேரம் மட்டும்தான் பாக்கி.

ஆப் எப்படி இருக்கணும்கறதுக்கும் இதே ஸ்டூல்தான் பாடம். மத்த ஆப் எல்லாம் '3 இடம் காலி'ன்னு நம்பர் காட்டும். அந்த மூணை ஒரே நேரத்துல பன்னிரண்டு பேர் பாத்துட்டுக் கிளம்பினா ஒன்பது பேர் ஏமாறுவாங்க. வேப்பமூட்டுல சிக்னல்ல நிக்கற நேரத்துலயே அந்த மூணும் போயிருக்கும். அதனால நம்பரே காட்டலை. மூணே பதில். 'வாங்க', 'சந்தேகம்தான்', 'கார் வேண்டாம்'. அதுவும் இப்ப இருக்கற நிலைமைக்கு இல்லை, நீங்க வந்து சேர்ற நேரத்துக்கு.

ரெண்டு வகைத் தப்பும் ஒண்ணு கிடையாது. இடம் இருந்தும் 'சந்தேகம்'னு சொன்னா, வந்தவருக்கு சந்தோஷம். இல்லாதப்ப 'வாங்க'ன்னு சொல்லிட்டா, பின்னால ஹாரன் அடிக்க, வயசான அம்மாவை வண்டிக்குள்ள வச்சுக்கிட்டு அந்த மனுஷன் நடுரோட்டுல முழிப்பார். அடுத்த தடவை ஆப்பைத் திறக்க மாட்டார். அதனால 'வாங்க'ன்னு சொல்றதுக்கு மட்டும் ரொம்பக் கறாரா வச்சோம். வண்டி ஓட்டுறவர் திரையைப் பாக்கக் கூடாதுன்னு பதிலைத் தமிழ்ல பேசவும் வச்சாச்சு. லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது. காசு எப்பவும் போல யூபிஐயோ சில்லறையோ அண்ணாச்சி கையில.

முதலாளிக்குக் காட்டினோம். ரொம்பப் பிடிச்சிருந்தது. "கொள்ளாம் தம்பி"ன்னு சொல்லிட்டு, அடுத்ததா கேட்டார். "அப்போ இனி அந்த ஸ்டாண்டு ஆளுக்குச் சம்பளம் மிச்சம், இல்லையா?"

அண்ணாச்சி அப்ப வெளியில யாரோ ஒரு அம்மாவுக்கு ஸ்கூட்டரைப் பின்னால இழுத்துக் கொடுத்துட்டு இருந்தார். நான் முதலாளிகிட்ட தர்மம், நியாயம்னு எதுவும் பேசலை. கணக்குத்தான் பேசினேன். நூறு வண்டி கொள்ளாத இடத்துல நூறு வண்டியை நிறுத்துறது ஆப் இல்லை, அந்த ஆளோட கை. அவரை எடுத்துட்டா இடம் சுருங்கும், இடம் சுருங்கினா வியாபாரம் சுருங்கும். கேமரா மேல மழைத்தண்ணி வடிஞ்சா ஆப் ஊமை. வண்டி மறிச்சு நின்னா போன் போட்டுக் கூப்பிட ஆள் வேணும். "அப்போ உன் ஆப் எதுக்குடே?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சது, வீட்டுல கிளம்புற ஆளுக்கும் தெரியணும். அதுக்குத்தான் ஆப்னு சொன்னேன்.

முதலாளி தலையை ஆட்டிட்டு, "தீவாளி வரைக்கும் பாப்போம்"னு முடிச்சார். ஆம்னும் இல்லை, இல்லைன்னும் இல்லை. அண்ணாச்சிக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது.

இப்ப அண்ணாச்சி போன்ல ஒரே ஒரு பெரிய பட்டன் இருக்கு. வண்டி வெளிய போகும்போது ஒரு அமுக்கு. கேமரா ஒண்ணு சொல்லி அவர் வேற சொன்னா, ஆப் அவர் பேச்சைத்தான் கேக்கும். அப்படியே எழுதி வச்சிருக்கோம். தீவாளி கூட்டத்துல அது எத்தனை தடவை நடக்குதுன்னு கணக்கு எடுக்கறோம். முதலாளி முன்னால வைக்கறதுக்கு எங்ககிட்ட அதைவிட நல்ல கணக்கு இல்லை.

பயன்படுத்துறவங்களுக்கு எளிமையா இருக்கணும்னுதான் எல்லா ஆப்காரங்களும் சொல்றோம். அந்தப் 'பயன்படுத்துறவங்க' பட்டியல்ல விசிலோட வெயில்ல நிக்கற ஆளையும் சேத்துட்டா, பாதி டிசைன் தானா சரியாயிருது மக்களே.